கால் ஸ்பூன் சபதம்

ஜனவரி முதல் தேதி காலை ஐந்தரை மணிக்கு உங்கள் பேட்டையில் உள்ள பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். திருப்பதி தர்ம தரிசன க்யூ தோற்றுவிடும். மடிப்புக் கலையாத டீ ஷர்ட், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஷூ, எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குச் சொல்லும் கைக்கடிகாரம் சகிதம் ஒரு படையே சுற்றிக்கொண்டிருக்கும். அதே பூங்காவுக்குப் பொங்கல் கழித்துப் போங்கள். வழக்கமாக வரும் நாலு பெரியவர்கள், வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்பவர், இரண்டு நாய். அவ்வளவுதான் ஜனத்தொகை.

என் நண்பர் ஒருவர். வங்கி உத்தியோகம். போன வருஷம் பதினெட்டாயிரம் ரூபாய் கட்டி ஜிம்மில் வருஷச் சந்தா சேர்ந்தார். மொத்தம் ஆறு நாள் போனார். நான் பி.காம். என்பதால் இந்த மாதிரி சமாச்சாரங்களைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. ஒரு தடவைக்கு மூவாயிரம் ரூபாய்! அந்தப் பணத்துக்கு நட்சத்திர ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். எடை அதே அளவு கூடியிருக்கும், ருசியாகவாவது இருந்திருக்கும்.

சிரிக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் சிரிக்க முடியாது. காரணம், அப்பா.

2009-ல் அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யாத ஆசாமி. அன்று சாயங்காலமே சமையலறை வாசலில் நின்று பீஷ்ம சபதம் செய்தார். இனிமேல் சர்க்கரை இல்லை. அரிசி இல்லை. உருளைக்கிழங்கு இல்லை. காலை நாலரைக்கு எழுந்து ஐந்து கிலோமீட்டர் நடை. வந்ததும் பாகற்காய் ஜூஸ். அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துத் தெருக் குழந்தைகள் பயந்தார்கள்.

சரியாகப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு ஜாங்கிரி. "அதான் விட்டாச்சே, இனிமே என்ன!" என்று வீடு திரும்பியதும் பழைய இரண்டு ஸ்பூன் காபி. ஜாங்கிரி ஒன்றுதான். அதோடு நடை, கோதுமை, பாகற்காய் எல்லாம் கூண்டோடு போயின.

2019-ல் அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இப்போது எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கிறார். கிண்டல் மட்டும் குறையவில்லை.

2024 ஜனவரியில் என் முறை. வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. 112 என்று வந்தது. நூறுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 126-ஐத் தொட்டால் அப்பா கட்சி. நான் நடுவே நின்றேன், எந்தக் கட்சியில் சேருவது என்று தெரியாத சுயேச்சை எம்.எல்.ஏ. மாதிரி. எனக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் பத்து கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றும், பதிமூன்றரைக் கோடிப் பேர் என்னைப் போல வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் கணக்கிட்டது.

எனக்கு வயது முப்பத்தாறு. பெண் மூன்றாம் வகுப்பு. பகலில் மூன்று கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ராத்திரியில் பத்திரிகைகளுக்கு எழுத்து. இரண்டு வேலையும் உட்கார்ந்து செய்வது, இரண்டுக்கும் எரிபொருள் காபி. ஒரு நாளைக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு நாலு கிராம் என்று வையுங்கள். 32 கிராம். வருஷத்துக்குப் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல்! உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது உத்தமம் என்கிறது. அதாவது ஆறு ஸ்பூன். என் காபியே அதைத் தாண்டிவிட்டது. பிஸ்கட், கேசரி எல்லாம் தனிக் கணக்கு.

அப்பா மாதிரி சபதம் போடும் உடம்பு எனக்கு இல்லை. ஆகவே படித்த படிப்பை எடுத்தேன். தேய்மானம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மெஷின் வாங்கினால் அதன் மதிப்பை ஒரே நாளில் பூஜ்யமாக்க மாட்டார்கள். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். அதில் இரண்டு முறை. மிச்சம் இருப்பதில் இத்தனை சதவிகிதம் என்று கழிப்பது ஒன்று. அதில் மதிப்பு தேய்ந்துகொண்டே போகும், பூஜ்யத்தை மட்டும் தொடாது. வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்பது இன்னொன்று, நேர்கோட்டு முறை. எனக்கு நேர்கோடு பிடிக்கும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன். மாதத்துக்குக் கால் ஸ்பூன் கழிவு. ஆறு மாதத்தில் அரை ஸ்பூனுக்கு வந்து நின்றுகொள்வது. பழைய மெஷினுக்குக் கடைசியில் எடைக்குப் போட்டால் வரும் விலை என்று ஒன்று வைப்பார்கள் இல்லையா, அதுதான் அந்த அரை ஸ்பூன்.

திட்டத்தை வீட்டில் சமர்ப்பித்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"என்னடா இது, கால் ஸ்பூனு? விடறதுன்னா ஒரே வெட்டா வெட்டணும்டா!"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தன் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, கால் ஸ்பூன் கொறைச்சா கால் தப்பிக்கும்னா கொறைச்சுட்டுப் போ" என்றார்.

மனைவிக்கு வேறு கவலை. "ஏங்க, கால் ஸ்பூனை நான் எதால அளக்கறது?" நியாயமான கேள்வி. விடை பரணில் இருந்தது. 2020 ஊரடங்கில் கேக் செய்யக் கற்றுக்கொள்வதாக வாங்கிய அளவு ஸ்பூன் செட். கேக் இரண்டு தடவை செங்கல்லாக வந்தபின் அந்த செட் ஓய்வு பெற்றிருந்தது. அதில் கால் ஸ்பூனைத் தேடி எடுத்துச் சர்க்கரை டப்பாவிலேயே போட்டோம். பெரிய ஸ்பூனை அங்கிருந்து அப்புறப்படுத்தினோம். இது முக்கியம். கை, இருப்பதைத்தான் எடுக்கும்.

பிப்ரவரியில் ஒன்றேமுக்கால். முதல் இரண்டு நாள் நாக்கு லேசாகப் புருவம் உயர்த்தியது. மூன்றாம் நாள் மறந்துவிட்டது. மார்ச் ஒன்றரை, ஏப்ரல் ஒன்றேகால்... ஜூலையில் அரை. ஆகஸ்டில் ஒரு உறவினர் வீட்டில் பழைய மாதிரி இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தார்கள். பாயசத்தில் காபித்தூள் விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. நாக்கு ஒரு நல்ல குமாஸ்தா. ஒரேயடியாகச் சம்பளத்தைக் குறைத்தால் ஸ்டிரைக் செய்யும், பைசா பைசாவாகக் குறைத்தால் கவனிக்காது.

பிரிட்டனில் ஒரு தேசத்தின் நாக்கையே இப்படி ஏமாற்றினார்கள். ரொட்டியில் உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2001-க்கும் 2011-க்கும் நடுவில் சுமார் இருபது சதவிகிதம் குறைந்திருந்தது. வாங்கித் தின்றவர்கள் சபதம் எதுவும் எடுக்கவில்லை.

'சார், இதெல்லாம் சோம்பேறி வழி. தைரியம் இருப்பவன் ஒரே எட்டில் தாண்டுவான்' என்பீர்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, என் மாதிரி ஆட்களுக்குத் தேன் மாதிரியான கணக்கு.

ரிச்சர்ட் தேலர் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர். 2017-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் ஷ்லோமோ பெனார்ட்ஸி என்பவரும் 2004-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி. அங்கே ஓய்வுகாலச் சேமிப்பு, நம் பி.எஃப். மாதிரி கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஓர் ஆலோசகர் வந்து ஊழியர்களிடம், 'உங்கள் சேமிப்பை இப்போதே சம்பளத்தில் ஐந்து சதவிகிதம் கூட்டுங்கள்' என்றார். சில தைரியசாலிகள் சரி என்றார்கள். பெரும்பாலோர், 'கையில் வருவது குறையும், முடியாது' என்று கையை விரித்தார்கள். விரித்தவர்களிடம் வேறு பேரம் பேசப்பட்டது. 'இப்போது ஒன்றும் வேண்டாம். அடுத்த சம்பள உயர்வின்போது மூன்று சதவிகிதம் கூட்டிக்கொள்வோம். அதற்கடுத்த உயர்வில் இன்னும் மூன்று.' கையில் வரும் காசு குறையாது என்பதால் இதற்கு நூற்றுக்கு 78 பேர் தலையாட்டினார்கள்.

நாற்பது மாதம் கழித்துப் பார்த்தால், ஒரே எட்டில் தாண்டிய தைரியசாலிகள் ஒன்பது சதவிகிதத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றிருந்தார்கள். முடியாது என்று சொன்ன மகானுபாவர்கள் மூன்றரையில் ஆரம்பித்து 13.6 சதவிகிதத்துக்கு வந்திருந்தார்கள்!

இதில் ஒரு சூட்சுமம். அவர்கள் சின்னதாக ஆரம்பித்தது மட்டும் காரணம் இல்லை. அடுத்த படி எப்போது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச்சுக்கறேன்' என்று சொல்பவர்கள் நாட்டில் அநேகம் பேர். தேதி கேளுங்கள், திருதிருவென்று விழிப்பார்கள். என் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ஒன்றேமுக்கால், ஒன்றரை, ஒன்றேகால்... மளிகைக்காரர் பார்த்துவிட்டு ஏதோ நிலத் தகராறு என்று நினைத்தார்.

சர்க்கரை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நடை.

இதில் சென்னைக்கே பெருமையான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் வாசற்படியில் நிற்கும் 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணியாவது நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பலன்தான். ஆக, அரை மணி நடை என்பது ஒரு மாத்திரைக்குச் சமம். ஆனால் கடையில் கிடைக்காது.

அரை மணி! உட்கார்ந்தே பிழைக்கிறவனுக்கு அது ஒரு யுகம். மறுபடி நேர்கோட்டு முறை. நாங்கள் இருப்பது குரோம்பேட்டை. எங்கள் தெருவில் விளக்குக் கம்பங்கள் சுமார் முப்பது மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. முதல் வாரம், சாயங்காலக் காபி டம்ளரைக் கழுவி வைத்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் கம்பம்வரை போய்த் திரும்புவது. அவ்வளவுதான். இரண்டாம் வாரம் இரண்டாவது கம்பம். எதிர்வீட்டுப் பெரியவர், "என்ன தம்பி, ஏதாவது தொலைஞ்சுடுச்சா?" என்று மூன்று நாள் தொடர்ந்து விசாரித்தார்.

டம்ளர் கழுவுவதோடு ஏன் முடிச்சுப் போட்டேன்? காலை ஐந்து மணி அலாரம் என்றால் தினம் ஒரு போராட்டம், தினம் ஒரு பேச்சுவார்த்தை. சாயங்காலக் காபி எனக்கு நின்றதே இல்லை, பூகம்பம் வந்தாலும் நிற்காது. ஓடுகிற ரயிலில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் போதும், அதற்கென்று தனி எஞ்சின் வேண்டாம்.

வாரம் ஒரு கம்பம். நாற்பது வாரத்தில் நாற்பது கம்பம். போக வர இரண்டரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட அரை மணி.

2018-ல் வந்து சக்கைப்போடு போட்ட ஜேம்ஸ் க்ளியரின் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. தினம் ஒரு சதவிகிதம் முன்னேறினால் கூட்டு வட்டியில் வருஷக் கடைசியில் 37 மடங்கு ஆகிவிடலாமாம். கணக்கு சரிதான். ஆனால் மனுஷ உடம்பு கூட்டு வட்டி தரும் பேங்க் இல்லை. அப்படித் தந்தால் மூன்று வருஷத்தில் நான் தினம் நடந்து டில்லிக்குப் போய் வரவேண்டியிருக்கும். எனக்குக் கிடைத்தது தனி வட்டி. வாரம் ஒரு கம்பம், அதற்கு மேல் ஒரு மீட்டர் இல்லை. தனி வட்டியே தாராளம், அசல் பத்திரமாக இருக்கிறதே.

'21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்று எல்லோரும் சொல்வார்கள். வேர் எங்கே என்று பார்த்தால், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகம். முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது, 21 மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. மூக்குக்குச் சொன்னதை மூச்சுப் பயிற்சிக்கும் நீட்டிவிட்டார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் சகாக்களும் நிஜமாகவே அளந்து பார்த்தார்கள். 96 பேர், 84 நாள். ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம், சாப்பாட்டோடு ஒரு பழம் என்கிற மாதிரி. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். சிலருக்கு 18. சிலருக்கு, போகிற வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 254! 22-ம் நாள் இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு இல்லை. கணக்கில்தான் கோளாறு.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விஷயம்: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குடிமுழுகிப் போவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஜாங்கிரி ஞாபகம் வந்தது. கடையில் ஒரு நாள் வியாபாரம் ஆகவில்லை என்றால் யாராவது மஞ்சள் கடுதாசி கொடுப்பார்களா? மறுநாள் ஷட்டரைத் தூக்குவார்கள். 2024 அக்டோபர் நடுவில் சென்னையில் கொட்டிய மழையில் மூன்று நாள் நான் தெருவில் இறங்கவில்லை. நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும் அதே 36-வது கம்பம்வரை போய் வந்தேன். பாக்கிக்காக அன்று நாலு மடங்கு நடக்கவும் இல்லை. அபராத வட்டி போட ஆரம்பித்தால் வாடிக்கையாளர் ஓடிப்போவார்.

2025 ஜனவரியில் மறுபடி ரத்தப் பரிசோதனை. 103. இன்னும் வாசற்படிதான். டாக்டர் பார்த்துவிட்டு, "காபிச் சர்க்கரை ஒண்ணே காரணம்னு நினைச்சுக்காதீங்க. நடையும் சேர்ந்துதான். ராத்திரி சாதம் எவ்வளவு சாப்பிடறீங்க?" என்றார். புதுத் தேய்மான அட்டவணை ஒன்று காலண்டரில் ஏறியது. கரண்டிக் கணக்கில்.

அப்பா கதைக்கு வருகிறேன்.

சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். ஆணி குத்தினாலும் தெரியாது. அதனால் தினம் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். செய்ய வேண்டியவை பத்து, செய்யக் கூடாதவை பத்து. பத்தைப் பார்த்ததும் அப்பா ஒன்றைக்கூடச் செய்யவில்லை. தாள் பீரோவுக்குள் போய்விட்டது.

போன வருஷம் என் பெண் அதை எடுத்துப் படித்தாள். இருபதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ராத்திரி மாத்திரை போட்டு முடித்ததும், ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. அரை நிமிஷ வேலை. மாத்திரை அவர் மறக்கமாட்டார், ஆகவே கண்ணாடியும் மறக்காது. பேத்திதான் டார்ச் பிடிப்பாள். "தாத்தா, கட்டை விரல் பிரசன்ட். நடு விரல் பிரசன்ட்..." என்று அட்டெண்டன்ஸ் எடுப்பாள். இல்லாத இரண்டுக்கு, "லீவு" என்பாள். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி இடது சுண்டு விரலுக்குக் கீழே சின்னதாக ஒரு கொப்புளம். "தாத்தா, வலிக்குதா?" இல்லை. துளிக்கூட வலிக்கவில்லை. அதுதான் ஆபத்து. மறுநாள் காலையே டாக்டரிடம் போனோம். கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார். பத்து நாளில் ஆறிவிட்டது. "சீக்கிரம் வந்தீங்க" என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

போன வாரம் அப்பா பீரோவைத் திறந்து அந்தத் தாளை அவராகவே எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"டேய், பாதத்துல தேங்காய் எண்ணெய் தடவணும்னு போட்டிருக்கான். விரலிடுக்குல கூடாதாம்."

"தடவலாமேப்பா. இன்னிக்கே ஆரம்பிச்சுடலாமா?"

கொஞ்சம் யோசித்தார்.

"முதல்ல ஒரு காலுக்கு மட்டும்" என்றார்.